நடுப்பெட்டி

ஜெர்மனியிலிருந்து ஆஸ்திரியாவுக்குப் போக நான் டிக்கெட் எடுத்தது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், என் வீட்டுச் சமையல் மேசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கைப்பேசியில் ஒரு நாடு, இன்னொரு நாடு, நடுவே ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான் எல்லை. குடும்பப்பெயர் கேட்ட கட்டத்தில் எனக்கும் அக்காவுக்கும் அப்பாவின் பெயரைப் போட்டேன். ரயிலுக்கு நாங்கள் ஒரே குடும்பம்.

அக்கா கிள்ளானிலிருந்து பாஸ்போர்ட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்துப் போடு லா. கல்யாணந்தான் உனக்கு ஒழுங்கா அமையல, டிக்கெட்டாவது ஒழுங்கா அமையட்டும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சிரிப்பது எனக்கு முப்பது வருடப் பழக்கம்.

கிள்ளானில் எல்லோரிடமும் ஐரோப்பா டூர் என்று சொல்லியிருந்தாள். டூர் எதுவும் இல்லை. அவளுடைய ஒரே மகன் ஆஸ்திரியாவில், எல்லை தாண்டியதும் வரும் ஊரில், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். யாருக்கும் சொல்லாமல் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்த அன்று, அவன் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னவள் இவள். ஆறு வருடம் பேச்சில்லை. நான் கெஞ்சிக் கேட்டதில் ஒரு மணி நேரம் தந்தான். வீடு வேண்டாம், ஸ்டேஷன் காப்பிக் கடை போதும் சின்னம்மா, இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் வருகிறேன் என்று எனக்குத்தான் எழுதினான், அம்மாவுக்கு இல்லை.

டிக்கெட்டோடு வந்த மின்னஞ்சலில் ஒரு குறிப்பு இருந்தது. எல்லைக்கு முன்னால் ஒரு சந்திப்பில் ரயில் இரண்டாகப் பிரியும். முன்பாதி நாங்கள் போகும் ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. இரண்டு முறை படித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. ரயில் சமாச்சாரம் என் பொறுப்பு.

மியூனிக்கில் பிளாட்பாரம் முடிகிற இடமே தெரியவில்லை. குளிர் பற்களுக்குள் நுழைந்தது. அக்கா ஒரு கையில் பிஸ்கட் டின்னும் மறுகையில் பையுமாக நேரே ரயிலின் நடுவுக்கு நடந்தாள். டின் நிறைய மகனுக்காக இக்கான் பிலிஸ் சம்பல், நெத்திலித் தொக்கு. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு இருபது வருடம் கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போய் வந்தவள். கொமுட்டரில் நடுப்பெட்டி பெண்களுக்கு. எந்த ரயிலைக் கண்டாலும் அவள் கால்கள் நடுவைத்தான் தேடும், மாடு தொழுவத்தைத் தேடுவதுபோல. ஏறி உட்கார்ந்ததும் எதிரில் சைக்கிளோடு நின்ற தாடிக்காரனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவன் ஏன் இங்க நிக்கிறான்? போர்டு கண்ணுக்குத் தெரியலயா இவனுக்கு?"

போர்டு என் கண்ணுக்குத் தெரிந்தது. கதவுக்கு மேலே வேறு ஊரின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தது பின்பாதியின் முதல் பெட்டி. ஒரே ஒரு பெட்டி முன்னால் போயிருந்தால் போதும். அக்கா எழுந்திரு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் டின்னை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அங்க வந்து நீ அழுதுகிட்டு நிக்காத. கொஞ்சம் தள்ளியே இரு. பெத்திருந்தா உனக்குப் புரியும்."

வாயை மூடிக்கொண்டேன்.

அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அக்கா வேலைக்குப் போனாள். அவனைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தவள் நான். பால் கக்கிய வாசம் என் சட்டைகளிலிருந்து போகவே இல்லை. அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்தேன். வயல்கள், ஊசிக்கூரை தேவாலயங்கள், வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

சந்திப்பில் ரயில் நின்றது. முழுதாக ஆறு நிமிடம். அறிவிப்பு ஜெர்மனிலும் பிறகு ஆங்கிலத்திலும் வந்தது. அக்காவுக்கு ஒலிபெருக்கி ஆங்கிலம் பிடிபடாது; என் முகத்தைப் பார்த்தாள்.

"எறங்கணுமா?"

"இன்னும் இருக்கு."

இரண்டே வார்த்தை. ஒரு சின்ன உலுக்கல், பானையை இறக்கிவைத்ததுபோல. முன்பாதி முதலில் கிளம்பியது. வளைவில் அதன் சிவப்பு விளக்குகள் தெரிந்து மறைந்தன. கொஞ்ச நேரத்தில் நாங்கள் வேறு பக்கம் திரும்பினோம். அக்கா சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள்.

டிக்கெட் பார்க்க வந்தவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. நானும் அப்போதுதான் தெரிந்தவள்போல் நின்றேன். இறங்கி, காத்திருந்து, திரும்பி வந்து, வேறு ரயில் பிடித்து அந்த ஊரை அடைந்தபோது காப்பிக் கடையில் ஒரு கிழவரும் நாயும் இருந்தார்கள். அவன் ஷிஃப்டுக்குப் போய்விட்டான். தவறான பாதியில் ஏறிவிட்டோம் என்று வழியிலிருந்தே அவனுக்கு எழுதியிருந்தேன்.

"அம்மா இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?" என்று பதில் வந்திருந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. மறுநாள் எங்களுக்கு விமானம். டின்னை அவனுக்காக அந்தக் கடைப் பெண்ணிடம் கொடுத்துவைக்கச் சொன்னாள் அக்கா. அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது அவனுடைய எண் வேலை செய்வதில்லை.

டூர் எப்படி என்று கேட்பவர்களிடம் அக்கா உண்மையைச் சொல்கிறாள், அவளுக்குத் தெரிந்த உண்மையை. தங்கச்சி எல்லாம் சரியாத்தான் செஞ்சா, நாந்தான் கொமுட்டர் நெனப்புல நடுப்பெட்டியில ஏறி புள்ளைய விட்டுட்டேன் என்கிறாள். வாழ்நாளில் முதல்முறையாக நாலு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.

போன வாரம் கிள்ளானில் ரயிலுக்கு நின்றோம். பெண்கள் பெட்டி எங்கள் எதிரே வந்து திறந்தது. உள்ளே இடம் காலி. அக்கா அதைக் கடந்து, முட்டிவலியோடு, பிளாட்பாரத்தின் முன்கோடிவரை நடந்தாள். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்த ஆண்கள் நெருக்கியடித்த முதல் பெட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும் முன்னாலயே இருப்போம்டி," என்றாள்.

அவள் பின்னால் ஏறினேன். கதவு மூடியது.