குப்பண்ணன் குளித்த சாவுகள்

செத்துப்போன ஒன்றின் சத்தம் இது என்று வாத்தியார் சொன்னதும், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பிடுங்கிக் கயிற்றுக்கட்டிலில் எறிந்தார் குப்பண்ணன்.

"ஆரு செத்தது?"

"ஆளில்லைங்க, நட்சத்திரம்" என்றார் செபாஸ்டின். சித்தூரில் இயற்பியல் வாத்தியார். பக்கத்து ஊரான பெருமாட்டியில் குப்பண்ணனின் தென்னந்தோப்பில் இரண்டு இடத்தில் கம்பி கட்டி, வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வெடிச்சுச் சிதறிடுச்சு. மிச்சம் இருக்கிற புகை போடுற இரைச்சல்தான் நீங்க கேட்டது."

சாவுச் சேதி காதில் விழுந்தால் குப்பண்ணன் குளிக்கப் போய்விடுவார். சந்தையில் மாட்டுக்குப் பேரம் பேசும்போதே போயிருக்கிறார். செத்ததாகச் சொன்ன தூரத்து மாமன் ஒருவர் மறுவாரம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை குளித்தார். பங்காளி செத்தால் குளியல் மட்டும் போதாது. வீடே தீட்டு, நல்ல காரியம் நடக்காது. அந்த வாரம்தான் மகள் கமலாத்தாளுக்குக் கல்யாணம்.

"எப்பச் செத்துது?"

"ஆயிரக்கணக்கான வருஷமாச்சுங்க."

"எனக்குச் சேதி இப்பத்தானே வந்துச்சு? சேதி வந்ததுல இருந்துதானுங்க தீட்டு. எந்தப் பக்கம்?"

"ரிஷப ராசிப் பக்கம்."

குப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எம் மகளுக்கும் ரிஷபமுங்க."

செபாஸ்டினின் கருவியில் முள் எந்தக் கவலையும் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மனைவி நாச்சம்மாள் வந்தாள். "ஏனுங்க, சமையக்காரன் வந்து நிக்கறான். இங்க என்ன?"

விஷயத்தைச் சொன்னார்.

"அது நம்ம கொலமாக்கு?"

"ஆரு கண்டா? எங்கப்பன் நட்சத்திரமாப் போயிட்டாருன்னு நீதான புள்ளே சொன்ன!"

"மாமனாரு போயி ரெண்டு வருசமுங்க. இது ஆயிரம் வருசத்துப் பழசு." வாத்தியார் பக்கம் திரும்பினாள். "அது எதுல ஆனதுங்க?"

"வாயுங்க. வெறும் வாயு."

"வாயுக்கு ஏது கொலம், ஏது பங்காளி? ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்து அரிசியை அளந்து குடுங்க. வாத்தியாரும் முழுகட்டும். தெனமும் எழவு கேக்கறாரு."

குப்பண்ணன் தோப்புக் கிணற்றில் குளித்தார். அவருக்கு அடுத்து செபாஸ்டின் குளித்தார். மறுநாள் முகூர்த்தக்கால் நட்டார்கள். வாத்தியாரின் கம்பி ஒன்றில் மாவிலை கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி பாடியது. முள் நாள் முழுவதும் ஆடியது. நட்சத்திரத்தாலா, ஒலிபெருக்கியாலா என்று வாத்தியாரால் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் கமலாத்தாளுக்கு நலங்கு வைத்தார்கள்.