நாலு இலைக் கொழுந்து

எங்கள் பிரதேச சபைக்கு ஒரு கொடி வேண்டும் என்று சபைத் தலைவரான தவிசாளருக்குத் திடீரென்று ஆசை வந்தது. பக்கத்துச் சபைக்கு இருக்கிறதாம். ஒழுகும் கூரைக்கு வராத அவசரம் கொடிக்கு வந்துவிட்டது. நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் பேசுவதைத் தமிழிலும் தமிழில் பேசுவதைச் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். யாராவது காரமாகப் பேசினால் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுப்பேன். அதனால் எல்லோருக்கும் நான் நல்லவன்.

கண்டியிலிருந்து ஓர் ஓவியர் வரைந்து அனுப்பிய படத்தைச் சபையில் விரித்தார்கள். பச்சை மலை, நீல ஆறு, நடுவில் பெரிதாக ஒரு தேயிலைக் கொழுந்து. கொடியின் அர்த்தத்தை இரண்டு மொழியிலும் வாசித்தேன். பச்சை எங்கள் மலைகள், நீலம் எங்கள் ஆறுகள், கொழுந்து எங்கள் வளம். எல்லோரும் கை தூக்கத் தயாரானார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து, நான் அக்கா என்று கூப்பிடும் பெண் எழுந்தார். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு உறுப்பினராக வந்தவர். வந்து ஐந்து மாதமாகியும் சபையில் வாய் திறந்ததில்லை. 'பொம்மை' என்று அவர் காதுபடவே சொல்வார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படத்தைக் காட்டினார்.

"ஐயா, இந்தக் கொழுந்து தப்புங்க. நாலு எல இருக்கு."

சிங்களத்தில் சொன்னேன். தவிசாளர் சிரித்தார். கொடிதானே, யார் இலையை எண்ணப் போகிறார்கள் என்றார். சபையும் சேர்ந்து சிரித்தது. இப்போது உட்கார்ந்தால் இவர் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குப் பட்டது. தவிசாளர் கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"நாங்க எண்ணுவோமுங்க. ரெண்டு எலயும் மொட்டுந்தான் கொழுந்து. மத்தது முத்தல். அதப் பறிச்சுக்கிட்டுப் போனா நிறுக்கிற எடத்துல எங்க மூஞ்சிலயே கொட்டுவாங்க. அதயா கொடியில பறக்க விடப் போறீங்க?"

அன்று நான் சீனி போடவில்லை. மூஞ்சிக்குச் சிங்களத்தில் என்ன சொல்லோ அதையே சொன்னேன். சிரிப்பு நின்றது. தவிசாளர் படத்தை இழுத்து, விரல் வைத்து இலைகளை எண்ணினார். பிறகு பேனாவை எடுத்து இரண்டை அடித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்கு என்னமோ சொந்தத் தமக்கை ஜெயித்த மாதிரி இருந்தது.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, கொழுந்துன்னா வளம்னு வாசிச்சீங்களே, யாருக்கு வளம்?"

"அப்ப என்னான்னு எழுதுறது, அக்கா?"

கோப்பையைக் கீழே வைத்தார். "வேலைன்னு எழுதுங்க. அது பொய்யில்ல."

எழுதினேன். சபை வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கொடி விளக்கத்தின் தமிழ்ப் பிரதியில் கொழுந்து வேலையைக் குறிக்கிறது. பக்கத்திலிருக்கும் சிங்களப் பிரதியில் இன்னும் வளம்தான். தவிசாளர் வாசிப்பது அதைத்தான்; மாற்ற அவரிடம் கேட்க வேண்டும். பேசுவதற்கே சம்பளம் வாங்கும் எனக்கு, அதற்கு மட்டும் வாய் வரவில்லை.

அக்காவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இரண்டையும் மாற்றிவிட்டேன் என்று நம்பி, வாசலைத் தாண்டும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.