பங்கர் விட்ட மூச்சு

1. அழைப்பு

“சேர், பங்கர் மூச்சு விடுது. இவா இண்டைக்கு உள்ள இறங்கப் போறாவாம். நான் சொன்னால் கேக்கிறா இல்லை. கெதியா வாங்கோ.”

வன்னியில், புளியங்குளத்துக்கு அப்பால் நாலைந்து கறவை மாடுகள் வைத்திருந்த சிவபாலன் அண்ணை காலையில் எடுத்த அழைப்பு இது. நான் அப்போது பால்பண்ணைகளில் மீத்தேனைக் குறைக்கும் திட்டத்தில் கள உத்தியோகத்தன். மாட்டின் ஏப்பத்தில் மீத்தேன் உண்டு; சாணம் காற்றுப் படாமல் தண்ணீரில் ஊறினாலும் அது கிளம்பும். வானத்துக்குப் போனால் பூமி சூடாகும்; குழாயில் பிடித்தால் அடுப்பெரியும். இதை விளக்கப் போன முதல் நாளே, “மாடு ஏவறை விடுறதைப் பாக்கவும் சம்பளத்துக்கு ஆள் வைச்சிருக்கினமோ?” என்று கிண்டலடித்தவர் அண்ணை. அவருடைய குரலே நடுங்கியதால் உடனே மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

2. வெள்ளிக்கிழமை விளக்கு

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு பள்ளம். சண்டைக் காலத்தில் ஒளிந்திருக்க வெட்டிய பங்கர், பதுங்குகுழி. எறிகணைச் செல் விழுந்து பனங்குற்றிக் கூரை இறங்கியபோது, அண்ணையின் மனைவி பரமேஸ்வரி அக்காவின் தம்பி உள்ளே இருந்தான். தோண்டி எடுக்க நேரமில்லாமல் எல்லாரும் ஓடினார்கள். திரும்பி வந்து குடியேறிய பிறகும் அதை யாரும் கிண்டவில்லை. வெள்ளிதோறும் அக்கா அதன் வாசலில் விளக்கு வைப்பார்.

நான் போனபோது அக்கா மண்வெட்டியோடு நின்றார். வாசலை அடைத்திருந்த மண்ணில் பாதி வெளியே கிடந்தது.

“விளக்கு வைச்சால் மண்ணில நீல நெருப்பு ஓடுது, சேர். உள்ளுக்கை மூச்சுக் கேக்குது. அவன் என்னைத்தான் கூப்பிடுறான்.”

குனிந்தேன். கேட்டது. குளுக் என்று ஒரு சத்தம், பிறகு நீளமான ஒரு பெருமூச்சு, பிறகு ஒன்றுமில்லை. காரணம் தெரிந்திருந்தும் இன்னொரு தரம் காது கொடுத்தேன். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். நாற்றம் சட்டென்று நின்றுவிட்டது. அதுதான் பயப்பட வேண்டிய இடம். சாணம் ஊறும் இடத்தில் மீத்தேனோடு நச்சு வாயுவும் வரும்; அது கூடினால் முதலில் மூக்குத்தான் செயலிழக்கும். பின்னுக்கு வந்துவிட்டேன்.

அந்த நேரம் கிளறிக்கொண்டு வந்த கோழி ஒன்று வாசலுக்குள் இறங்கியது. செட்டையைக்கூட அடிக்கவில்லை. அப்படியே சரிந்தது.

கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட்ட மேசன் வெளியூர்க்காரர். பள்ளத்தைக் கண்டதும் கழிவுக் குழாயை மண்ணுக்கடியால் அதற்குள்ளேயே விட்டிருக்கிறார். உள்ளே தேங்கிய சாணத் தண்ணீர்தான் குமிழிட்டு மூச்சு விட்டது. அது என்ன பள்ளம் என்று அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. அந்த இடத்தைப் பற்றி அந்த வீட்டில் கதைப்பதில்லை.

‘இது வெறும் காஸ்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அக்கா, முதல்ல மாட்டுத் தண்ணியை வேறை பக்கம் திருப்புவம். தம்பியெண்டால் அதுக்குப் பிறகும் கூப்பிடுவான். அதுவரைக்கும் விளக்கும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்,” என்றேன்.

அக்கா கோழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை அண்ணையிடம் கொடுத்தார்.

3. குழாய்

கொட்டிலின் மறுபக்கத்தில், சாண வாயுவை அடைத்துப் பிடிக்கும் டைஜஸ்டர் தொட்டி கட்டிச் சாணக் கரைசலை அதற்குத் திருப்பினோம்; அதிலிருந்து வீட்டு அடுப்புக்குக் குழாய் போட்டோம். பங்கரின் மூச்சு நாளுக்கு நாள் இளைத்தது. ஒரு நாள் நின்றது. திட்டத்துக்கு அது வெற்றி. அக்கா என் முன்னால் நின்று அழுதார்.

“நீங்கள் அவனை நிப்பாட்டிப்போட்டியள், சேர்.”

 

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழாய் பதிக்குமுன் ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டி, இது என்ன என்று கேளுங்கள். வீட்டார் கதைக்காவிட்டால் இன்னொரு தரம் கேளுங்கள். வன்னியில் பள்ளம் சும்மா வந்திருக்காது.

ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போன அக்காவின் பின்னால் கதைத்தபடி நானும் போனேன். அடுப்புக் குழாயைத் திறந்தார். நெருப்புப்பெட்டி கையில் இருந்தது, தட்டவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உஸ்ஸென்று காஸ் வந்துகொண்டிருந்தது.

“அக்கா, முதல்ல நெருப்பு, பிறகு குழாய். எத்தினை தரம் சொன்னனான்!”

“ஓம் சேர். அவன்ரை மூச்சைக் கொஞ்சம் கேட்டிட்டுப் பத்த வைக்கிறன்.”

கையைப் பிடித்துத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. போய் யன்னல்களை அகலத் திறந்துவிட்டேன்.