சமீமா அக்காவும் சாத்துக்குடித் தோலும்

சமீமா அக்கா இறந்த செய்தி எனக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. அனுப்பியவன் அவர் தம்பி, என் வகுப்புத் தோழன் இர்ஃபான். நான் அனுப்பிய பதில்: "ஏப்ரல் போய் ரொம்ப நாளாச்சு மச்சான், வேற ஆளப் பாரு." பொய்ச் செய்தி அனுப்பியே பெயர் வாங்கிய எனக்கு உண்மை வந்தால் அடையாளம் தெரிவதில்லை. எதிர்வீடான அவர்கள் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்தபோதுதான் நம்பினேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர் என்றால் அவரை மொட்டை மாடியில் பார்த்திருப்பீர்கள். அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பாவின் ஜூஸ் கடையில் பிழிந்து போட்ட சாத்துக்குடித் தோலைக் காயவைத்து, அரைத்து, சாயத்தண்ணீரில் போட்டுவைப்பார். குன்றத்தூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றிலிருந்து கேனில் வரும் தண்ணீர் அது. தோல்தூள் சாயத்தை இழுத்துக்கொள்ளுமா என்பதுதான் அவரது எம்.எஸ்சி. ஆய்வு.

"தோலை நம்பினா தோல்விதான்க்கா" என்றேன் ஒருநாள்.

"தோல்வியிலயும் தோல் இருக்குடா. அந்த முறத்தை எடு" என்றார். வாயில் என்னை ஜெயித்த ஒரே ஆள்.

அவரை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டுமே! அவர் ஊறவைத்திருந்த பாட்டிலில் யாருக்கும் தெரியாமல் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். காலையில் சிவப்புத் தண்ணீர் குடிதண்ணீர் போலத் தெளிந்து நின்றது. அக்கா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார், கல்லூரியில் பேராசிரியரிடமும் சொல்லிவிட்டார். பிறகு அதே பலன் மறுபடி வருமா என்று, சேர்த்து வைத்திருந்த தூள் மொத்தத்தையும் போட்டுத் தீர்த்தார். வரவில்லை.

கடைசியில் அந்த முதல் பாட்டிலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சாயம் மாயமாப் போவாதுடா. தண்ணி வெளுத்தா தோல் சிவக்கணும். சந்தோஷத்துல நான் தோலைப் பாக்கவே இல்ல. ரெண்டும் வெளுத்திருக்குன்னா, அது எதிர்வீட்டு வேலை."

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"சொல்லல. மழை ஆரம்பிச்சிடுச்சே, இனிமே தோலை எங்க காயவைக்கிறது? அதச் சொல்லு."

அக்கா தோலைத் தன் வீட்டு ஹாலில் மின்விசிறிக்கு அடியில் பரப்பினார். பூசணம் பிடித்தது. கொட்டிவிட்டு மறுபடி பரப்பினார். "வூடே நாறுது மச்சான், பேஜாரா கீது" என்று இர்ஃபான் புலம்பினான், நான் சிரித்தேன். ஒருவழியாகத் தூள் சேர்ந்து, சாயத்தண்ணீரில் போட்டுவைத்த அன்றே அவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

அன்றைக்கு அது விளையாட்டு. அவருக்கு இருந்த நாட்களே அவ்வளவுதான் என்று தெரிந்தபின், அவற்றைத் தின்றவன் நான் என்பதை எப்படிச் சொன்னாலும் அழகாக வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் இர்ஃபான், அக்கா கடைசியாக ஊறவைத்திருந்த ஜன்னலோரத்துப் பாட்டிலை எடுத்துவந்து என்னிடம் நீட்டினான். தண்ணீர் முழுக்கத் தெளியவில்லை, வெளிர் ரோஜா நிறம். அடியில் தோல்தூள் நன்றாகச் சிவந்திருந்தது.

"நீயே வச்சுக்க. ரிசல்ட் வந்ததும் மொதல்ல உனக்குத்தான் காட்டணும்னு அக்கா சொல்லிகினே இருந்துச்சு."

அக்கா தன் கண்ணால் பார்த்த தெளிந்த தண்ணீர், நான் செய்த பொய் ஒன்றுதான். மெய்யானது என் மேசைமேல் இருக்கிறது.