நாற்பத்தொரு பூஜ்யங்கள்

மணி அடித்து ஓய்வதற்குள் தெபொராள் சின்னான் வகுப்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். பிறகு வந்து தட்டுகிறவர்களுக்குத் திறப்பதில்லை. உள்ளே இருப்பவர்களிடம், "பிசிக்ஸ் ரெக்கார்டு, அக்கவுண்ட்ஸ் நோட்டு எல்லாம் மேசை மேல வெச்சுபோடுங்க. இங்க பேனா ஓட வேண்டாம், மூளை ஓடுனாப் போதும்" என்பார்.

எங்களுடையது கோவையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதலாண்டில் 'உலக நோக்கு' என்ற தாளை எழுதியே ஆகவேண்டும். மனிதன் யார், எது நியாயம், அதை நியாயம் என்று முடிவு செய்தது யார் என்பவைதான் பாடம். மாணவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் தூக்கப் பீரியட். ஆசிரியர் அறையில் தெபொராளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. பதினான்கு வருடமாக அவர் அந்தத் தூக்கத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வருகிறேன்.

குள்ளமான பெண்மணி, நாற்பத்தாறு வயது. சிங்காநல்லூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு விடைத்தாள் படிப்பார். மதியச் சாப்பாடு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். அதுவரை 'கண்ணு' என்று அழைக்கப்பட்டவன் திடீரென்று 'ஏனுங்க சார்' ஆகிவிட்டால், அன்றைக்கு அவன் பாடு அவ்வளவுதான்.

போன ஏப்ரல் தேர்வில் இருபது மதிப்பெண்ணுக்கு அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காரலாம்? அது சரியென்று நீங்கள் நம்புவது ஏன்?'

நாற்பத்திரண்டு பேர் எழுதினார்கள். நாற்பத்தொரு பேரின் பதில் கமா உட்பட ஒன்றே. 'மனிதர் அனைவரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள், ஆகவே சமமானவர்கள்.' காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிற பழைய நோட்ஸிலிருந்து வந்த வரி அது. தெபொராள் நாற்பத்தொரு பூஜ்யம் போட்டார்.

மீதி ஒருவன் அருண்குமார். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். அவன் எழுதியிருந்தது: 'எங்கள் தோப்பில் வேலை செய்கிறவர்கள் எங்கள் வாசற்படி ஏறக் கூடாது. அவர்களுக்குக் கொட்டாங்குச்சியில்தான் டீ ஊற்றுவோம். அது தப்பென்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போதுதான் யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை.'

அவனுக்குப் பதினெட்டு மதிப்பெண்.

கல்லூரி முதல்வர் தெபொராளைக் கூப்பிட்டனுப்பினார். வேறொரு வேலையாக நானும் அங்கே நின்றிருந்தேன். "சமம்னு எழுதுனவங்களுக்குப் பூஜ்யம், கொட்டாங்குச்சின்னு எழுதுனவனுக்குப் பதினெட்டு. நம்ம காலேஜ் என்ன காலேஜ்னு மறந்துபோச்சுங்களாம்மா?" என்றார்.

"மறக்கலீங்க" என்றார் தெபொராள். "எங்கப்பன் ஒரு தோப்புல கொட்டாங்குச்சியில டீக் குடிச்சவருங்க. அந்தப் பையன் எழுதுனதைப் படிக்கறப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. ஆனா அவன் ஒருத்தன்தான் நெசம் எழுதியிருக்கறான். மத்த நாப்பத்தொரு பேருல எத்தனை பேரு ஊட்டுல டம்ளர் தனியா இருக்குதுன்னு உங்களுக்கும் தெரியுமுங்க, எனக்கும் தெரியுமுங்க."

"அதுக்காக…"

"ஞானஸ்நானம் வாங்குன பொறகும் எங்கப்பனைக் கல்லறைத் தோட்டத்துல எந்தச் சுவத்துக்கு அந்தாண்ட பொதைச்சீங்கன்னும் தெரியுமுங்க. அன்னைக்கும் சபையில எல்லாரும் சமம்னு ஜெபம் பண்ணுனீங்க. நான் பொய்க்கு மார்க்குப் போடமாட்டனுங்க."

முதல்வர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இருபதுக்குப் பன்னிரண்டு, அருண்குமாருக்கும் அதே பன்னிரண்டு. தெபொராளிடமிருந்து 'உலக நோக்கு' பாடத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரை நூலகப் பொறுப்புக்கு மாற்றினார்கள். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். மூன்று நாள் அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான்காம் நாள், "உங்களுக்குங்கூட வாய் வரலீங்களா சார்?" என்று கேட்டார். பதினான்கு வருடமாக என்னிடம் வராத அந்த 'ங்க' எனக்கு உறைத்தது.

ஜூனில் கல்லூரி திறந்ததும் அருண்குமார் நூலகத்துக்கு வந்தான். கையில் புத்தகம் எதுவும் இல்லை.

"மேடம், எம்மேல கோவங்களா?"

"ஆமாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பறம் ஏனுங்க பதினெட்டுப் போட்டீங்க?"

"கோவம் என்னோடதுங்க. மார்க்கு நீங்க எழுதுன நெசத்துக்குங்க. பதில் தெரியலைன்னு எழுதுனீங்கல்ல? தெரிஞ்சுதுங்களா?"

"ஊட்டுல அப்பாகிட்டக் கேட்டனுங்க. அடிச்சுபோட்டாருங்க."

தெபொராள் கையிலிருந்த பதிவேட்டை மூடினார். பிறகு எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றார். அதில் 'ங்க' இல்லை.

மறுநாள் காலை நூலகத்துக்குப் போகும் வழியில் அவரும் நானும் முதலாண்டு வகுப்பைக் கடந்தோம். கதவு திறந்திருந்தது. புதிதாக வந்த விரிவுரையாளர் அந்தச் சாயல் வரியைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, "இது முக்கியம், அப்படியே எழுதிக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. தெபொராள் பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். யாரிடமும் ஒரு சொல் பேசாமல், எட்டாத எழுத்துகளுக்கு நுனிக்காலில் எம்பி, வெறுங்கையால் பலகை முழுவதையும் துடைத்தார்.