வெறுங்காலும் வால்வு ஆம்ப்பும்

என் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேடை ஏறுவார். கோயில் திருவிழா மேடை என்றால் எங்கள் இசைக்குழுவில் எல்லோருமே கழற்றுவோம், அதில் பேச ஒன்றுமில்லை. அவர் கல்யாண ரிசப்ஷனிலும் கழற்றுவார். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கும் கடையின் மாடியில் சனிக்கிழமை வாசிக்கும்போதும் கழற்றுவார். வேறு ஊராக இருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சனம் வெறுங்காலில் மலையைச் சுற்றுகிற ஊரில் யார் கேட்பார்கள்? கையெடுத்துக் கும்பிட்டார்கள். "கையிலதான் கிட்டாரு, உள்ள ஈஸ்வரன் இருக்காரு" என்று குழுவை நடத்தும் அக்கா மைக்கிலேயே சொல்லியிருக்கிறார். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். வீட்டில் அந்த மனிதர் ஒரு ஊதுவத்தி கொளுத்தியதில்லை. அது தெரிந்தும் நானும் நம்பினேன்.

நான் அதே குழுவில் கீபோர்டு வாசிப்பவன். வாரநாட்களில் வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் வேலை. எனக்கும் அண்ணனுக்கும் இடையில் ஓயாத ஒரு சண்டை உண்டு என்றால் அது அவருடைய ஆம்ப்பை, அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டியைப் பற்றியதுதான்.

ஆசிரமத்துப் பக்கம் நெடுநாள் வாடகை அறையில் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், நாடு திரும்பும்போது அதை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அறுபதுகளில் செய்தது என்று சொன்னார். மரப்பெட்டி, முன்னால் துணி, பின்பக்கம் திறந்தே கிடக்கும். உள்ளே கண்ணாடிக் குழல்களாக வால்வுகள். ஸ்விட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வுகள் சிவந்து சூடேற வேண்டும், தூசி கருகும் வாசனை வர வேண்டும், அப்புறம்தான் ஐயா வாய் திறப்பார். லோடு ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கிராமத்துத் திருவிழாவில் ஜெனரேட்டர் கரண்டு இறங்கினால் அதுவும் சோர்ந்து முனகும். ஒரு வால்வு போனால் சென்னையில் தேடி அலைய வேண்டும். இத்தனைக்கும் அண்ணன் அதைப் பச்சைப் பிள்ளையைப் போலப் போர்வை சுற்றி எடுத்து வருவார்.

அவருக்காக நான் ஒரு மாடலர் வாங்கினேன். டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவுதான் இருக்கும். உலகத்தில் பேர் வாங்கிய வால்வு ஆம்ப்கள் எப்படியெல்லாம் ஒலிக்கும் என்பதைக் கணக்காக்கி அதற்குள் அடைத்திருக்கிறார்கள். காலால் ஒரு பித்தானை மிதித்தால் ஒரு ஆம்ப், அடுத்ததை மிதித்தால் இன்னொன்று. மேடையில் பெட்டியே வேண்டாம், வயர் நேராக, எல்லா வாத்தியச் சத்தத்தையும் சேர்த்து அனுப்பும் மிக்சருக்குப் போய்விடும். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசும், அழுத்தி மீட்டினால் வால்வு போலவே ஓரம் கிழிந்து கத்தும். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வால்வு ஆம்ப்பைக் கம்மியாக வைத்தால் அது சும்மா ஒரு பெட்டி. அந்தக் கிழிசல் வர வேண்டும் என்றால் சத்தத்தை ஏற்ற வேண்டும், ஏற்றிவிட்டு அதன் முன்னாலேயே நிற்க வேண்டும். மாடலரில் அதே கிழிசல் தொட்டிலில் குழந்தை தூங்கும்போதுகூடக் கிடைக்கும்.

"இன்னாடா இது, இதுல காத்தே வரல" என்பார் அண்ணன்.

"காத்து வேணும்னா ஃபேன் போட்டுக்க" என்பேன்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல். நல்ல சத்தத்தை இவ்வளவு சுலபமாகக் கையில் கொடுத்தும் வேண்டாம் என்கிறாரே, வீம்புதானே இது என்று நினைத்தேன். அதனால்தான் அந்தச் சோதனையை ஏற்பாடு செய்தேன். வால்வு எது, மாடலர் எது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியாது என்று குழுவுக்கு முன்னால் காட்டிவிட்டால் வாயடைத்துவிடும் என்பது என் கணக்கு.

டவுனில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலம் ரிசப்ஷன், நாங்கள் மதியமே போய்விட்டோம். கச்சேரிக்கென்று பலகை அடித்துத் தனி மேடை போட்டிருந்தார்கள். வால்வு ஆம்ப் பலகை மேல் நின்றது. மாடலரின் சத்தம் பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்த ஒரு ஸ்பீக்கரில் வந்தது. இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்தேன். அண்ணனை நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். நான் கிட்டாரை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். நான் மீட்டும்போது டிரம்ஸ் வாசிக்கிற பையன் அவர் தோளைத் தொடுவான், அவர் பதில் சொல்ல வேண்டும்.

"வால்வு." சரி. "டப்பா." சரி. "டப்பா." அதுவும் சரி. நான் ஏமாற்றப் பார்த்தேன், ஒன்றையே திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. வெறும் பாதம் இரண்டையும் பலகையில் அழுத்தி, கண்ணை மூடி, சும்மா சொல்லிக்கொண்டே போனார்.

"யப்பா, இன்னா காதுப்பா! பாம்புச் செவி!" என்று அக்கா கை தட்டினார். எனக்கு முகம் தொங்கிப் போயிற்று. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் பெருமையும் இருந்தது. என் அண்ணன் அல்லவா.

டிரம்ஸ் பையன் செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும், இன்னொரு தரம் செய்யலாம் என்றான். அதற்குள் அலங்காரம் செய்பவர்கள் வந்து எங்களை இறக்கிவிட்டு, பலகை மேல் தடியான ஸ்பாஞ்சும் அதன்மேல் சிவப்புக் கார்ப்பெட்டும் விரித்தார்கள். எல்லாவற்றையும் மறுபடி அதன்மேல் வைத்தோம். அண்ணன் உட்கார்ந்தார். கார்ப்பெட்டில் பாதத்தை இரண்டு மூன்று தரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

நான் வால்வில் மீட்டினேன். "டப்பா" என்றார். மாடலரில் மீட்டினேன். "வால்வு" என்றார். பையன் சிரித்தான். மூன்றாம் தரம் நான் மீட்டியபோது எதிலும் சத்தமே வரவில்லை. கார்ப்பெட் போட்டவர்கள் கரண்டு வயரை இழுத்துவிட்டிருந்தார்கள். என் கை அசைவதைப் பார்த்ததுமே பையன் அவர் தோளைத் தொட்டுவிட்டான்.

"இது வால்வு" என்றார் அண்ணன், நிதானமாக.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தார்கள். அவர் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி தாமதமாகத் தானும் சிரித்தார். அந்தத் தாமதத்தை நான் பார்த்தேன். அவர் மறுபக்கம் திரும்பி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று "அண்ணா" என்றேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். அக்கா திரும்பினார், டிரம்ஸ் பையன் திரும்பினான், கார்ப்பெட் போடுபவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் கையைப் பிடித்து மண்டபத்துக்குப் பின்னால், சமையல் நடக்கும் இடத்துக்கு அருகே அழைத்துப் போனேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். எப்போதுமே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"தெரியலடா. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. மொதல்ல பொண்ணு கொலுசு சத்தம் போச்சு. அப்பறம் குக்கர் விசிலு."

"டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தேன். இத்தினி வருஷம் சத்தத்துக்கு முன்னாலயே நின்னதால வந்ததுன்னாரு. அந்த ஆம்ப்பை ஜாஸ்தி வெச்சாதான நல்லா இருக்கும், வெச்சேன். காதுக்கு மெஷின் குடுத்தாரு. அதுல பேச்சு கேக்குது. கிட்டாரு தகரத்தைத் தட்டுற மாதிரி கேக்குது. கழட்டி வெச்சிட்டேன்."

"அப்பறம் எப்படி வாசிக்கிற?"

ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைத் தட்டிக் காட்டினார். "பலகைல வருது. பொட்டி பின்னால இருந்தா முதுகுலயும் வருது. உன் டப்பா சத்தம் நேரா மிக்சருக்குப் போயிடுது, எனக்கு ஒண்ணும் வரல. அக்காகிட்ட சொல்லிடாத. நான் வேற இன்னா வேலைடா செய்வேன்?"

அக்கா உள்ளே ஒரு முடிவோடு காத்திருந்தார். "காது அவருக்கு இருக்கு, ஜனங்களுக்கு இல்லியே. வித்தியாசம் அவரு ஒருத்தருக்குத்தான் தெரியுதுன்னா நமக்கு எதுக்கு இந்தப் பாரம்? இன்னிலேர்ந்து மாடலர்தான்." நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவருக்குப் பின்னால் பெட்டி இல்லை. காலுக்குக் கீழே ஸ்பாஞ்ச். இரண்டாம் பாட்டில் ஒரு கம்பி சுருதி இறங்கிவிட்டது. அது யாருக்கும் நடப்பதுதான், காதில் பட்டதும் திருகிச் சரிசெய்வார்கள். அண்ணன் சரிசெய்யவில்லை. பாட்டின் நடுவே தனியாக வாசிக்க வேண்டிய இடத்தை முழுக்க அந்தக் கம்பியிலேயே, கண்ணை மூடி, உருகி உருகி வாசித்தார். முன்வரிசையில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாடிக்கொண்டிருந்த அக்கா திரும்பி அவரை முறைத்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து அண்ணன் தலைகுனிந்து வணங்கினார். மிக்சரில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் அண்ணனுடைய கிட்டாரின் சத்தத்தை முழுசாக இறக்கிவிட்டார்.

கடைசிப் பாட்டு வரை அண்ணன் வாசித்தார். ஒரு சுரம்கூட வெளியே வரவில்லை. வால்வு ஆம்ப் பின்னால் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. அதை மிக்சரிலிருந்து யாரும் ஊமையாக்க முடியாது, அவர் பக்கத்திலேயே நின்று கத்தியிருக்கும். எல்லாம் முடிந்ததும் கைதட்டினார்கள். அவரும் கும்பிட்டார்.

அடுத்த கச்சேரிக்கு அக்கா வேறு ஆளைப் போட்டார். காரணம் கேட்க அண்ணன் போகவில்லை. வெறுங்காலில் வாசிப்பாரே, அந்த பக்திமான் எங்கே என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். மலை சுற்றப் போய்விட்டார் என்று எதையாவது சொல்லிவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் வீட்டுக்குப் போகிறேன். முதலில் கம்பிகளைச் சுருதி சேர்த்துக் கொடுப்பேன், அதை இனி அவரால் செய்ய முடியாது. அண்ணி ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். வால்வுகள் சூடேறும் வரை இருவரும் காத்திருப்போம். நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். ஒரு மரப்பலகை மேல் ஆம்ப், அதே பலகையில் அவருடைய வெறும் பாதங்கள். கை இன்னும் பிசகவில்லை. அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும், அழவும் செய்திருக்கிறேன்.

போன வாரம் பாதியில் நிறுத்தினார்.

"கம்மியா இருக்குடா. ஜாஸ்தி வை."

ஆம்ப்பின் சத்தக் குமிழ் ஏற்கெனவே கடைசிவரை திருகித்தான் இருந்தது. பஞ்சையும் மீறி என் காது வலித்துக்கொண்டிருந்தது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழின் மேல் விரலை வைத்து, திருகுவது போல மணிக்கட்டை மட்டும் அசைத்தேன்.

அண்ணன் ஒரு தரம் மீட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"ம், இப்ப கேக்குது" என்றார்.