கிள்ளாமல் பிரிப்பது

என் அண்ணி கிழங்கு மண்டியில் வேலை செய்கிறார். லாரியில் கலந்து வரும் சர்க்கரைவள்ளியையும் பெருவள்ளியையும் பிரித்துப் போடும் வேலை. முன்னது சீக்கிரம் வெந்து இனிக்கும். பின்னது நிதானமாக வேகும், இனிக்காது. மூட்டையில் கலந்துவிட்டால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

சேர்ந்த புதிதில் அண்ணிக்குத் தெரிந்தது ஒரே வழி. கிழங்கின் வால்நுனியைக் கிள்ளுவார். பால் கசிந்தால் சர்க்கரைவள்ளி, கொழகொழவென்று வந்தால் பெருவள்ளி. ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் கிள்ளிய கிழங்கு சீக்கிரம் அழுகும்.

"கிழங்கு உனக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு? சனிக்கிழமைக்குள்ள கிள்ளாம பிரிக்கப் பழகு. இல்லன்னா கழுவுற தொட்டிக்குப் போ" என்றார் மேஸ்திரி அக்கா.

தொட்டி என்றால் நாளெல்லாம் ஈரத்தில் நிற்க வேண்டும். அண்ணிக்கோ குதிகாலில் ரத்தம் கசியும் வெடிப்பு.

அந்த வாரம் நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, அதுவும் தாவரவியல். சும்மா இருக்க முடியுமா? இரண்டும் ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை என்றேன்.

"சொந்தமில்லாததுதான் ஒரே ஜாடையில வந்து என் உயிர வாங்குதா தம்பி?"

தோலைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். சர்க்கரைவள்ளிக்கு மெல்லிய வழவழப்பான தோல், இரு முனையும் கூம்பும். பெருவள்ளியின் தோல் மரப்பட்டை போலிருக்கும், சல்லிவேர் குத்தும். அண்ணி முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டார். அண்ணன் சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான்; நடுவில் தன் முழங்கையையும் நீட்டினான்.

"பெருவள்ளி. நல்லா முத்தினது" என்றார் அண்ணி.

சனிக்கிழமை வந்த சரக்கோ தோட்டத்திலேயே கழுவித் தேய்த்தது. அதில் சிவந்த தோல் பெருவள்ளிப் பிஞ்சுகளும் சல்லிவேர் போய், சர்க்கரைவள்ளி போலவே மொழுமொழுவென்று கிடந்தன. அண்ணி தடவித் தடவிப் பிரித்தார். கை தடுமாறியதையெல்லாம் ஓரமாக வைத்தார்.

"ரெண்டு குவியல்தானே சொன்னேன். மூணாவது எதுக்கு?"

"இதெல்லாம் எனக்குத் தெரியலக்கா. இத மட்டும் கிள்ளிக்கிறேன்."

அக்கா அந்தக் குவியலைப் பார்த்தார். ஒரு கூடைகூடத் தேறாது. தானும் ஒன்றை எடுத்து உருட்டினார், முகர்ந்தார், திரும்ப அங்கேயே போட்டார்.

"கிள்ளு. கிள்ளினத இன்னிக்கே சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பிடலாம்."

அண்ணி இன்னும் உலர்ந்த தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சந்தேகம் வந்தால் மற்றவர்களும் அவர் பக்கமாக உருட்டிவிடுகிறார்கள்.

"கிள்ளியக்கா, இந்தா உன் ஆளு!"